‘நேற்று’ எங்கே நிற்கிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோத்தகிரி அருகே ஒரு ஹட்டியைச் (படுகர் ஊர்) சேர்ந்தவள் நான். மொழியியல் முதுகலை படிக்கிறேன். நீலகிரியில் எங்கள் படுகர்கள் பேசும் படுகு மொழியின் வாக்கிய அமைப்பைப் பற்றி ஆய்வேடு எழுத வேண்டும். எண்பது தமிழ் வாக்கியங்களை எழுதிக்கொண்டு போய், ஒவ்வொன்றையும் பாட்டியிடம் படித்துக் காட்டி, படுகில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தேன். எண்பதும் தமிழோடு சொல்லுக்குச் சொல் பொருந்திப் போகின்றன. வினை கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வருகிறது, பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வருகிறது. தொடரியலில், அதாவது வாக்கிய அமைப்பில், இரண்டு மொழிக்கும் வேறுபாடு இல்லை என்று எழுதிவிடலாமா?

இன்னொரு சந்தேகம். நம் மொழிகளில் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் மாறுவதில்லை, உருபே எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது. அப்படியிருக்க, ஆங்கிலத்துக்குப் போடுவதுபோல மரப்படம் (எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று கிளை கிளையாகக் காட்டும் படம்) போடுவது வீண்வேலை என்கிறார் வகுப்புத் தோழர் ஒருவர். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

ம., கோத்தகிரி

அன்புள்ள ம.,

எழுதிவிடாதீர்கள். உங்கள் இரண்டாம் சந்தேகத்தில்தான் முதல் கேள்விக்கான விடை இருக்கிறது, அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

‘நேற்று அக்கா அந்தப் பச்சை ஸ்வெட்டரை மாமாவுக்குக் கொடுத்தாள்.’ வினையைக் கடைசியில் நிறுத்திவிட்டால் மிச்சம் ஆறு சொற்கள். எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது உண்மையானால் 720 வரிசைகள் கிடைக்க வேண்டும். அதே பொருளில் கிடைப்பவை 24 மட்டுமே. ‘அந்தப் பச்சை ஸ்வெட்டரை’ என்ற மூன்று சொற்களும் ஒன்றாகவே நகர்வதால், இடம் மாறும் துண்டுகள் நான்குதான் என்பதே காரணம். ‘பச்சை அந்த ஸ்வெட்டரை’ என்று யாரும் சொல்வதில்லை. ‘அந்த’வை மட்டும் பிரித்து முன்னால் கொண்டுபோனால் அது ‘அந்த அக்கா’ ஆகிவிடுகிறது. ஐ உருபும் மூன்றுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரு முறைதான் வருகிறது.

எல்லா மொழியும் இப்படி இல்லை. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் பேசப்படும் வார்ல்பிரியில் பெயரடை ஓரிடத்திலும் அதன் பெயர் வேறிடத்திலும் நிற்கலாம், இரண்டும் தனித்தனியே உருபு ஏற்கும். மொழியியலாளர் கென்னத் ஹேல் 1983-இல் இதை முன்வைத்துத்தான் சொல்வரிசைச் சுதந்திரம் பற்றிய பெரிய விவாதத்தைத் தொடங்கினார். தமிழ் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. இங்கே ‘அந்தப் பச்சை ஸ்வெட்டரை’ போன்ற பெயர்த்தொடர்கள் இடம் மாறும், ஆனால் அவற்றின் உள்ளே வரிசை பூட்டியே இருக்கும்.

எது ஒரு தொடர் என்று கண்டுபிடிக்க வினா ஆகாரம், அதாவது கேள்வியைக் காட்டும் ‘ஆ’, நல்ல கருவி. ‘அந்தப் பச்சை ஸ்வெட்டரையா கொடுத்தாள்?’ என்று கேட்கலாம். ‘அந்தவா பச்சை ஸ்வெட்டரைக் கொடுத்தாள்?’ என்று கேட்க முடியாது. ஆகாரம் தொடரின் கடைசியில்தான் ஒட்டும். ஆங்கிலத்தைப் பார்த்துத் தொடர் பிரிப்பவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘குன்னூரில் வீடு’ என்பது பொதுவாகத் தமிழில் ஒரே பெயர்த்தொடர் ஆகாது. ‘குன்னூரில் உள்ள வீடு’ அல்லது ‘குன்னூர் வீடு’ என்றுதான் வர வேண்டும். இல் உருபு ஏற்ற பெயர் இன்னொரு பெயருக்கு அடையாக வர, இடையில் ஒரு பெயரெச்சம் வேண்டும்.

மரப்படம் ஏன் வேண்டும் என்பதற்கு வருகிறேன். இந்த நான்கையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

நேற்று மாமா அக்கா பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டார்.
மாமா நேற்று அக்கா பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டார்.
மாமா அக்கா நேற்று பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டார்.
மாமா அக்கா பின்னிய ஸ்வெட்டரை நேற்று போட்டுக்கொண்டார்.

நான்கிலும் அதே சொற்கள், அதே உருபுகள். ஒரே ஒரு சொல்தான் நகர்கிறது. முதலாவதிலும் நான்காவதிலும் நேற்று நடந்தது போட்டுக்கொண்டது. மூன்றாவதில் நேற்று நடந்தது பின்னியது. இரண்டாவதற்கு இரண்டு பொருளும் உண்டு. சந்தேகமிருந்தால் வினைக்கு முன்னால் ‘இன்று’ சேர்த்துப் பாருங்கள். ‘மாமா நேற்று அக்கா பின்னிய ஸ்வெட்டரை இன்று போட்டுக்கொண்டார்’ நன்றாகவே நிற்கிறது. ‘நேற்று மாமா அக்கா பின்னிய ஸ்வெட்டரை இன்று போட்டுக்கொண்டார்’ உடைந்துவிடுகிறது.

‘அக்கா பின்னிய’ என்ற பெயரெச்சத் தொடருக்கு ஒரு வேலி இருக்கிறது. அதற்குள் இருக்க வேண்டிய ‘நேற்று’, மாமாவைத் தாண்டி வெளியே வர முடியாது. இரண்டாம் வாக்கியத்தில் ‘நேற்று’ நிற்கும் இடம் வேலிக்கு உட்புறமாகவும் இருக்கலாம், வெளிப்புறமாகவும் இருக்கலாம். வேலி கண்ணுக்குத் தெரியாது, எந்த உருபும் அதைக் காட்டாது. மரப்படம் போட்டால்தான் தெரியும், இரண்டாம் வாக்கியத்துக்கு இரண்டு படம் போட வேண்டும். மொழியியலாளர் ஜான் ராஸ் 1967-இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இப்படிப்பட்ட தொடர்களைத் தீவுகள் என்றார்.

வேலிக்குள் சட்டமும் வேறு. முதன்மை வினைக்குப் பின்னால் பேச்சில் தாராளமாகச் சொல் வரும். ‘குடுத்துட்டாளே அக்கா!’ என்கிறோம். பெயரெச்சத்துக்குப் பின்னால் அப்படி எதையும் வைக்க முடியாது. ‘பின்னிய அக்கா’ என்றதும் அது வேறு தொடராகிவிடுகிறது. ‘யார் பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டார்?’ என்று வேலிக்குள்ளே வினாச்சொல்லை வைக்கலாம், ஆனால் ‘அக்காவா பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டார்?’ என்று ஆகாரத்தை வைக்க முடியாது. அது வேலிக்கு வெளியே, ‘ஸ்வெட்டரையா’ என்றுதான் ஒட்ட வேண்டும். இரண்டு மொழிகளின் தொடரியலை ஒப்பிடுவது என்றால் இப்படிப்பட்ட சட்டங்களை ஒப்பிடுவது.

இப்போது முதல் கேள்வி. வினை கடைசியில் வருவதையும் பெயரெச்சம் முன்னால் வருவதையும் வைத்து முடிவு கட்ட முடியாது. அவை திராவிட மொழிகளுக்குப் பொதுவானவை. நீலகிரிப் பழங்குடிகளான தோடர், கோத்தர் மொழிகளிலும் பார்க்கலாம். ஜப்பானிய மொழியும் துருக்கியும்கூட அப்படித்தான். கன்னடத்துக்கு நெருக்கமான படுகில் அவை இல்லாமலிருந்தால்தான் செய்தி.

உங்கள் எண்பது வாக்கியங்களில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. தமிழும் தெரிந்த ஒருவரிடம் தமிழ் வாக்கியத்தைச் சொல்லி மாற்றச் சொன்னால், அவர் அதன் வரிசையையே பிடித்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் வைப்பார். கிடைப்பது தவறான படுகு அல்ல, ஆனால் பாட்டி தானாகப் பேசும்போது தேர்ந்தெடுக்கும் அமைப்பு அதுதான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அதை ஒலிக்குறிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், தொடரியலுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

பேச்சிலிருந்து தொடங்குங்கள். 1930களில் நீலகிரிக்கு வந்த மொழியியலாளர் எமனோ, சுள்ளி என்ற கோத்தர் சொல்லச் சொல்ல முழுக் கதைகளாக எழுதி எடுத்தார். இன்று வாக்கிய அமைப்பைத் தேடுபவருக்கும் அந்தக் கதைகளில் சான்று கிடைப்பது அதனால்தான். பாட்டி உங்களிடம் பேச வேண்டாம், தன் வயதுள்ள இன்னொருவரிடம் படுகில் பேசட்டும். உருளைக்கிழங்கு போட்ட காலம், ஹெத்தையம்மன் பண்டிகை ஏற்பாடு என்று வரிசையாக நடப்பது எதுவானாலும் சரி, பத்து நிமிடம் போதும். ஒரு வினைமுற்றுக்கு ஒரு வரி என்று பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே மூன்று அடுக்கு எழுதுங்கள்: சொன்னது சொன்னபடி, விகுதி விகுதியாகப் பிரித்த பொருள், முழு வாக்கியத்தின் தமிழ்ப் பொருள். எலான் (ELAN) என்ற இலவச மென்பொருளில் இந்த அடுக்குகளை ஒலிப்பதிவோடு நேரப்படி பொருத்தலாம். ஒரு நிமிடப் பேச்சுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும், அவசரப்படாதீர்கள். வெறும் தமிழ் எழுத்தில் எழுதினால் க-வின் வல்லொலியும் (k) மெல்லொலியும் (g) கலந்துபோய், பிறகு விகுதிகளைப் பிரிப்பதில் குழப்பம் வரும். அதற்கு முதல் நாளே ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டி தானாகச் சொன்ன ஒரு வாக்கியத்தை எடுத்து, ஒரே ஒரு மாற்றம் செய்து திருப்பிக் கேளுங்கள். இரண்டு மாற்றம் ஒன்றாகச் செய்தால் எது உதைத்தது என்று தெரியாது. ‘இது சரியா?’ என்று கேட்பதில் பயனில்லை, பேத்தி சொன்னால் எல்லாமே சரிதான். ‘இப்படிச் சொன்னால் யார் எப்போது பின்னியதாகப் புரிகிறது?’ என்று படுகிலேயே கேளுங்கள். நன்றாக இருப்பது உறுதியான வாக்கியங்களையும் உடைந்திருப்பது உறுதியான வாக்கியங்களையும் இடையிடையே கலந்து வையுங்கள். உடைந்தவற்றையும் அவர் ஏற்கத் தொடங்கினால் களைத்துவிட்டார் என்று பொருள், அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். சில நாள் கழித்து வரிசை மாற்றி மறுபடி கேளுங்கள். இரு முறையும் மறுத்தவற்றுக்கு மட்டும், ஏற்காத வாக்கியம் என்று காட்டும் உடுக்குறி (*) போடுங்கள், ஊசலாடியவற்றுக்குக் கேள்விக்குறி போதும். ‘கேரட் மாமாவைத் தின்றது’ போன்றதை அவர் மறுத்தால் அது பொருளை மறுப்பது, அமைப்பில் பழுதில்லை. இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது தொடக்க ஆய்வேடுகளில் அடிக்கடி நேரும் பிழை.

எங்கே தேடுவது? மேலே உள்ள நான்கு வாக்கியங்களுக்கு நிகரானவை முதலில். அடுத்து, வழக்கமாக எழுவாயைச் சுட்டும் ‘தன்’. ‘மாமாவுக்கு அக்கா தன் ஸ்வெட்டரைக் கொடுத்தாள்’ என்றால் அது அக்காவின் ஸ்வெட்டர், மாமாவுடையது அல்ல. ‘மாமாவுக்குத் தன் பிள்ளைகளைப் பிடிக்கும்’ என்றால் ‘தன்’ மாமாவையே சுட்டுகிறது. இரண்டிலும் அதே கு உருபுதான். ‘பிடிக்கும்’ என்ற வினை மாமாவோடு திணையிலும் பாலிலும் இயையவில்லை, ஆனாலும் ‘தன்’ விஷயத்தில் எழுவாய்க்குரிய உரிமை மாமாவுக்கு இருக்கிறது. படுகில் இந்த உரிமை எந்தெந்த வினைகளோடு வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பசி, வலி, தெரிதல், வேண்டுதல், பிடித்தல் ஆகிய ஐந்தும் தொடக்கத்துக்குப் போதும்.

எதிர்மறைக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கலாம். இன்றைய தமிழ் ‘செய்யவில்லை’, ‘செய்யமாட்டேன்’ என்று துணைவினையை நாடுகிறது. பழந்தமிழில் ‘செய்யேன்’, ‘அறியேன்’ என்று ஒரே சொல்லில் முடிந்தது, எதிர்மறைக்கென்று தனி விகுதி கண்ணில் படாது. பழங்கன்னடத்திலும் அதே அமைப்பு உண்டு. பாட்டியின் பேச்சில் இதில் எது வருகிறது, காலத்தைப் பிரித்துக் காட்டுகிறதா, வேலிக்குள் ‘பின்னாத ஸ்வெட்டர்’ என்பதற்கு என்ன வடிவம் வருகிறது என்று பாருங்கள். இவற்றைத் தமிழில் கேட்டுப் பெறாதீர்கள். ஒரு வேலையை யார் செய்ய மறுத்தார், எது நடக்காமல் போனது என்று அவர்களே பேசும் பதிவிலிருந்து எடுங்கள்.