வடமோடிக் கூத்தை வீடியோவாகப் பதிவு செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள தங்கள் ஊரில், விடிய விடிய ஆடிப் பாடி நடிக்கும் மரபு நாடக வகையான வடமோடிக் கூத்து ஒன்று அரங்கேறவிருப்பதாகவும், கல்யாண வீடியோ எடுப்பவர்களிடம் பதிவை ஒப்படைத்தால் போதுமா என்றும், முன்பு எடுத்த பதிவுகளில் நேரில் பார்த்த விறுவிறுப்பு ஏன் வரவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பில் நீண்ட காலமாகக் கூத்துகளைப் பதிவு செய்து வருபவன் என்ற வகையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவர்களிடம் ஒப்படைக்கலாம். அவர்களுடைய கமராவிலோ கைப்பழக்கத்திலோ குறையில்லை. ஆனால் கல்யாண வீட்டில் முகம்தான் முக்கியம் என்பதால், ஆளின் முகத்தைத் தேடி நெருங்கிப் போவது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கூத்தில் காலும் மத்தளமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போகின்றன. கால் தெரியாத இடத்தில் ஆட்டமே இல்லை. நாளைக்கு ஒரு பிள்ளை அந்தப் பதிவை வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பழகக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அப்படிப் பழகத்தக்க பதிவுதான் வெறுமனே பார்ப்பவருக்கும் விறுவிறுப்பாக இருக்கிறது.

ஓர் அரச வரவை, அதாவது அரச பாத்திரம் ஆடி உள்ளே வரும் பகுதியை, எடுத்துக்கொள்ளுங்கள். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் தாளச் சொற்கட்டான தாளக்கட்டைச் சொல்லி மத்தளத்தில் அடிக்க, சல்லரி என்னும் கைத்தாளம் அதனோடு சேர, கூத்தர் ஆடுகளமான களரியைச் சுற்றி ஆடி வந்து, ததிங்கிணதோம் என்று தாளம் தீரும் அந்த அடியிலேயே காலை ஊன்றி நிலையெடுக்கிறார். பாட்டு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்தக் கடைசிச் சுற்றில் கூத்தரின் கண் அண்ணாவியாரின் கையில் இருக்கும், அண்ணாவியாரின் கண் கூத்தரின் காலில் இருக்கும். இந்த இடத்தில் முடியையும் முகத்தையும் மட்டும் நெருக்கமாகக் காட்டினால், அல்லது நடுவில் வெட்டிச் சபையைக் காட்டிவிட்டுத் திரும்பினால், தாளம் தீரும் அந்தத் தீர்மானத்துக்காகக் காத்திருக்கும் பதைப்பு முழுவதும் போய்விடும். 1930களிலேயே ஹொலிவூட்டில் நடனக் கலைஞர் பிரெட் அஸ்டெயர், தமது ஆட்டம் தலை முதல் கால் வரை முழு உருவமாக, வெட்டு மிகக் குறைவாகப் படமாக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தியது இதே காரணத்துக்காகத்தான். வரவு ஆட்டம் தொடங்கி நிலையெடுக்கும் வரை ஒரே ஓட்டமாகப் பிடியுங்கள். வசன இடங்களிலும் பாட்டின் நடுவிலும் நெருங்கிப் போகலாம்.

அடுத்தது கமரா நிற்கும் இடம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்தை, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனபோது, விடிய விடிய ஆடியது சில மணி நேரமாகச் சுருங்கியது; ஆட்டமும் ஒரு பக்கத்துச் சபையை நோக்கியதாயிற்று. அத்தகைய மேடைக் கூத்துக்கு முன்னால் ஒரு கமரா வைத்தால் போதும். உங்கள் ஊர் வட்டக்களரிக்கு அது போதாது. நடுவில் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் நிற்க, கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவதால், தரைமட்டத்தில் வைத்த கமராவுக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஆடுபவர் மறைந்து மறைந்துதான் தெரிவார். ஆகவே ஒரு கமராவை ஆள் உயரத்துக்கு மேலான பரண் ஒன்றில், களரிக்கு மேலே கட்டும் வெள்ளைத் துணி மறைக்காத உயரத்தில் நிறுத்தி, களரி முழுவதும் அடங்கும்படி விட்டுவிடுங்கள். இரவு முழுவதும் அதை யாரும் அசைக்கக் கூடாது. இரண்டாவது கமரா எதிர்ப்பக்கத்தில் இருந்து ஆடுபவரைத் தொடரட்டும்.

ஒலிதான் பெரும்பாலான பதிவுகளைக் கெடுப்பது. கமராவும் கைத்தொலைபேசியும் ஒலி அளவைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும்; மத்தளத்தில் ஓர் அடி விழுந்தவுடன் அளவு சட்டென்று இறங்கி, அதே நொடியில் கூத்தர் பாடும் வரி அமுங்கிப்போகும். இந்தத் தன்னியக்க வசதியை நிறுத்திவிட்டு, மத்தளத்தின் உச்ச அடிக்கும் இடம் விட்டு அளவைக் கையால் நிர்ணயிக்க வேண்டும். ஒலிபெருக்கிக்காரரின் மிக்ஸரில் இருந்து மட்டும் ஒலியை எடுத்தால், களரிக்கு மேலே தொங்கும் ஒலிவாங்கிகளுக்கு எட்டியதுதான் கிடைக்கும்; சதங்கை கிடைக்காது. சதங்கை ஒலியில்லாத கூத்துப் பதிவைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் பொறுப்பதில்லை. தனியான ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைக் களரியின் ஓரத்தில், தாழ்வாக, ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குத் தூரமாக வையுங்கள். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர்தான் செல்கிறது என்பதால், 35 மீற்றர் தள்ளி நிற்கும் கமராவின் சொந்த ஒலி, கால் விழுந்து நொடியில் பத்திலொரு பங்கு கழிந்த பின்னரே அதற்கு வந்து சேரும். பேச்சில் இது பெரிதாகத் தோன்றாது. விரைவான ஆட்டத்தில் காலும் தாளமும் பிசகியது போலத் தெரிந்து, நன்றாக ஆடிய பிள்ளைக்குத் தாளம் தெரியாது என்ற பெயர் வந்துவிடும். களரியோரத்து ஒலியைப் படத்தோடு பொருத்தினால் இந்தப் பிசகு இருக்காது. கமராவின் கடிகாரமும் ஒலிக்கருவியின் கடிகாரமும் நீண்ட ஓட்டத்தில் சிறிது சிறிதாக விலகும் என்பதால், ஒருமுறை பொருத்திவிட்டு விட்டுவிடாமல் ஒவ்வொரு வரவின் தொடக்கத்திலும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் மின்விளக்குகள் துடிப்பது தெரியாது. நொடிக்கு 50 சட்டகங்களாக எடுத்தால், பழகுபவர் வேகத்தைக் குறைத்துக் கால்களைப் பார்க்க முடியும். 50 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 22 ஜிகாபைட்டுக்கு மேல் போகும். எட்டு மணி நேரக் கூத்துக்கு ஒரு கமராவுக்கே 180 ஜிகாபைட் தேவைப்படும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும்: அரங்கேற்ற இரவோடு ஒத்திகை இரவுகளையும் பதிவு செய்யுங்கள். டோக்கிங் ஹெட்ஸ் என்ற அமெரிக்க ரொக் இசைக்குழுவின் இசைநிகழ்ச்சியை இயக்குநர் ஜொனதன் டெம்மி படமாக்கி 1984இல் வெளியிட்டார். 1983 டிசம்பரில் ஹொலிவூட் அரங்கொன்றில் பல இரவுகள் படம்பிடித்துச் சேர்த்த அந்தப் படத்தில், இறுதிப் பகுதி வரை பார்வையாளர்களை அநேகமாகக் காணவே முடியாது. சபையை ஒளிக்கும் முறை களரிக்குப் பொருந்தாது. எந்தப் பக்கம் கமராவைத் திருப்பினாலும் பின்னால் நம் சனம் பாயில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும், அது அப்படியே பதிவாகட்டும். ஆனால் பல இரவுகள் எடுத்தது நமக்கும் உதவும். அரங்கேற்றம் ஓரிரவுதான் என்றாலும், சட்டம் கொடுத்த (கூத்தருக்கு அவரவர் பகுதியைக் கொடுத்த) நாளில் இருந்து சதங்கை அணிதல், கிழமைக் கூத்து (வாராந்த ஒத்திகை), அடுக்குப் பார்த்தல் (முழு ஒத்திகை) என்று மாதக் கணக்கில் அதே ஆட்டங்கள் ஆடப்படுகின்றன. கால்களின் நெருக்கக் காட்சிகளையும் மத்தளத்தில் விரல்கள் விழும் விதத்தையும் அந்த இரவுகளில் எடுத்துக்கொண்டால், அரங்கேற்றத்தன்று களரிக்குள் கமராவோடு புகுந்து கூத்தருக்கு இடைஞ்சல் கொடுக்க வேண்டியிராது. உடுப்புக் கட்டாமல் ஆடும் அந்த இரவுகளில் முழங்காலின் மடிப்பு தெளிவாகத் தெரியும் என்பதும் ஒரு வசதி.

இவற்றுக்கெல்லாம் முதலில் அண்ணாவியாரிடமும் கோயில் நிருவாகத்திடமும் சம்மதம் கேளுங்கள்; எதை இணையத்தில் போடலாம், எதைப் போடக் கூடாது என்பதை அவர்களே சொல்லட்டும். கூத்து முடிந்து ஒரு மாதத்துக்குள் அண்ணாவியாரை அழைத்து, பதிவைப் போட்டுக் காட்டி, ஒவ்வொரு வரவுக்கும் உரிய தாளக்கட்டை அவர் வாயாலேயே சொல்லவைத்து அதையும் தனியாகப் பதிவு செய்யுங்கள். பிரதிகளில் ஒன்று அவருக்கும், ஒன்று கூத்தின் எழுத்துப் பிரதியான கொப்பியை வைத்திருக்கும் ஏட்டண்ணாவியாருக்கும், இன்னொன்று கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் போன்ற, கூத்தைப் பயிற்றுவிக்கும் இடத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.