சிபாப் கருவியை வீட்டில் விட்டுவிட்டுப் பயணம் போகலாமா?

கேள்வி: என் வயது 61. ஸ்லீப் ஆப்னியா (உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்) இருப்பது உறக்கப் பரிசோதனையில் தெரியவந்ததிலிருந்து, எட்டு மாதங்களாகச் சிபாப் கருவியை மாட்டிக்கொண்டு உறங்குகிறேன். அடுத்த மாதம் வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் சென்று பதினைந்து நாள் தங்கப் போகிறேன். ஓர் இரவு முழுவதும் விமானத்திலேயே கழியும். "பதினைந்து நாள்தானே, அதை எதற்குச் சுமக்கிறாய்?" என்கிறார் அண்ணன். அத்தனை பேர் நடுவில் முகமூடி மாட்டிக்கொள்ளவும் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: கருவியைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். தங்கள் அண்ணன் அன்பினால்தான் அப்படிச் சொல்லியிருப்பார். ஆனால் சில நாள் நிறுத்தினாலும் முன்பு சாப்பிட்டதன் பலன் உடம்பில் தங்கியிருக்கும் மாத்திரையைப் போன்றதல்ல இது. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுவதுதான் இந்த நோய். சிபாப் செலுத்தும் காற்றழுத்தம் அந்தப் பாதையை உள்ளிருந்து திறந்து வைத்திருக்கிறது. அழுத்தம் இல்லாத இரவில் பாதை பழையபடி அடைபடத் தொடங்கும். குறட்டையும், பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுபோவதும், பகல்நேரத் தூக்கக்கலக்கமும் சில நாட்களுக்குள் திரும்பிவிடும். பயணக் களைப்பும், நேர மாற்றத்தால் குலையும் உறக்கமும் சேரும்போது நிலைமை இன்னும் மோசமாகும் என்பதால், கருவி மிகவும் தேவைப்படும் நாட்களே இவைதான் என்று சொல்வேன்.

டிக்கெட் எடுத்தவுடன் விமான நிறுவனத்தைத் தொடர்புகொண்டு மூன்று விஷயங்களைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மாடல் கருவியை விமானத்துக்குள் இயக்க அனுமதி உண்டா, தங்கள் இருக்கையில் மின்இணைப்பு இருக்குமா, மருத்துவக் கருவி என்பதால் அதைக் கைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவார்களா என்பவையே அவை. மூன்றிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுகிறது. எந்த நிறுவனமானாலும், சரக்கறைக்குப் போகும் பெட்டியில் மட்டும் கருவியை வைக்காதீர்கள். பெட்டி தொலைந்தாலோ வேறு ஊருக்குப் போய்விட்டாலோ, அது திரும்பி வரும்வரை ஒவ்வோர் இரவும் சிகிச்சையற்ற இரவாகிவிடும்.

இருக்கையில் மின்இணைப்பு உண்டு என்று சொன்னாலும் அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம். அது பழுதாகியிருக்கலாம், கருவிக்குப் போதாத அளவில் இருக்கலாம். ஆகவே பேட்டரி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு வாட்-மணியில் கணக்கிடப்படுகிறது. 100 வாட்-மணி வரை உள்ளதைப் பொதுவாகத் தனி அனுமதியின்றிக் கைப்பையில் கொண்டுசெல்லலாம். 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 160-க்கு மேற்பட்ட உதிரி பேட்டரியைப் பயணிகள் கொண்டுசெல்ல முடியாது. உதிரி பேட்டரிகள் சரக்கறைப் பெட்டிக்குள் போகக் கூடாது என்பதும், அவற்றின் முனைகள் உலோகப் பொருள்களில் உரசாதபடி மூடியிருக்க வேண்டும் என்பதும் கண்டிப்பான விதிகள். பேட்டரியின் மேல் வாட்-மணி அச்சிடப்படாவிட்டால், வோல்ட் அளவை ஆம்பியர்-மணி அளவால் பெருக்கினால் கிடைத்துவிடும்: 14.8 வோல்ட், 6.6 ஆம்பியர்-மணி என்றால் ஏறக்குறைய 98 வாட்-மணி.

அந்த 98 வாட்-மணி ஓர் இரவுக்குப் போதுமா என்பது, கருவி செலுத்தும் காற்றில் ஈரம் சேர்க்கும் ஈரப்பதமூட்டியைப் பொறுத்தது. காற்றைச் செலுத்தும் மோட்டார் குறைந்த மின்சாரத்தில் ஓடிவிடும். நீரைச் சூடாக்கும் தட்டும் சூடேறும் குழாயும்தான் பேட்டரியைக் காலிசெய்பவை. கருவி சராசரியாக 10 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால் அந்தப் பேட்டரி ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தாங்கும். சூட்டைப் போட்டு 40 வாட்டாக உயர்த்தினால் இரண்டரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். எனவே விமானத்தில் ஈரப்பதமூட்டியை அணைத்துவிட்டு உறங்குவதே நல்லது. மூக்கு வறண்டுபோகுமே என்று அஞ்சினால், உறங்கும் முன் மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டுமருந்தைப் பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே, வீட்டில் ஓர் இரவு பேட்டரியில் மட்டும், ஈரப்பதமூட்டி இல்லாமல் உறங்கிப் பாருங்கள். எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதும், வறட்சியைத் தாங்க முடிகிறதா என்பதும் அந்த ஓர் இரவிலேயே தெரிந்துவிடும்.

கருவியைப் பையில் வைக்கும் முன் ஈரப்பதமூட்டியின் தொட்டியிலுள்ள நீரை முழுவதும் கொட்டி உலர்த்திவிட வேண்டும். சாய்த்து எடுத்துச் செல்லும்போது மிச்சமிருக்கும் நீர் மோட்டாருக்குள் இறங்கினால் கருவி பழுதாகிவிடும். போய்ச் சேர்ந்த இடத்தில் காய்ச்சி வடித்த நீரை வாங்கி ஊற்றுங்கள். அது கிடைக்காத ஓரிரு நாட்களுக்குக் கொதிக்கவைத்து ஆறிய நீரை ஊற்றலாம், ஆனால் கொதிக்கவைப்பதால் கிருமிகள் சாகுமே தவிர உப்புகள் நீங்குவதில்லை என்பதால் தொட்டியில் படிவு சேரும். குழாய்நீரை அப்படியே ஊற்ற வேண்டாம்.

பாதுகாப்புச் சோதனையில் கருவியைப் பையிலிருந்து வெளியே எடுத்து வைக்கச் சொல்வார்கள். பலர் கைபட்ட தட்டில் நேரடியாக வைக்காமல், சுத்தமான ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கலாம். எக்ஸ்ரே கதிர்களால் கருவிக்குத் தீங்கு இல்லை. நோயின் பெயர், கருவியின் மாடல், அழுத்த அளவு, முகமூடியின் வகையும் அளவும் குறிப்பிட்ட மருத்துவர் கடிதம் கையில் இருக்கட்டும். சோதனையில் பேச்சைக் குறைப்பதோடு, கருவி பழுதாகி வெளிநாட்டில் மாற்றுக் கருவி தேட நேர்ந்தால் அதுதான் உதவும். அடாப்டரின் அடியில் 100 - 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் தனி மின்மாற்றி வேண்டியதில்லை, அந்நாட்டுச் சுவரில் பொருந்தும் பிளக் இருந்தால் போதும். கட்டிலுக்கு அருகில் மின்இணைப்பு இல்லாத அறைகளும் உண்டு; ஒரு நீட்டிப்பு வயரையும் மாற்று ஃபில்டர் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இணைய இணைப்புள்ள கருவியானால், விமானத்தில் ஏறியதும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள்.

கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பலர் வாய்விட்டுச் சொல்லாமல், கருவியை வீட்டில் விட்டுப்போகக் காரணமாக இருப்பது அதுதான் என்பதால் தாங்கள் வெளிப்படையாகக் கேட்டது எனக்கு மகிழ்ச்சி. முகமூடியோடு உறங்குபவரை அருகில் இருப்பவர் ஒரு நிமிடம் பார்ப்பார், பிறகு தன் உறக்கத்துக்குத் திரும்பிவிடுவார். மூச்சுத் திணறி உரக்கக் குறட்டை விடுபவரையோ இரவெல்லாம் கேட்க வேண்டியிருக்கும். அமர்ந்ததும் பக்கத்து இருக்கைக்காரரிடம், "உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் இருக்கிறது, இரவில் ஒரு கருவி மாட்டிக்கொள்வேன்" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள். பாதிக் கூச்சம் அப்போதே போய்விடும். 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் கொலின் சல்லிவனும் உடன் பணியாற்றியவர்களும் இந்தச் சிகிச்சையை முதன்முதலாக வெளியிட்ட காலத்துக் கருவி, பயணத்துக்கு எடுத்துச் செல்ல நினைக்கவே முடியாத பெரிய, இரைச்சலான பொருள். இன்றோ கைக்கு அடக்கமான பயணக் கருவிகளே வந்துவிட்டன. ஆனால் ஒரே ஒரு பயணத்துக்காக அதை வாங்கச் சொல்லமாட்டேன். பழகிய கருவியும் முகமூடியுமே தங்களுக்கு நல்லது.

கேள்வி: என் கணவருக்கு வேலை நிமித்தம் மாதத்தில் நான்கைந்து இரவுகள் ரயிலிலும் பேருந்திலும் போகின்றன. அந்த இரவுகளில் அவர் சிபாப் போடுவதே இல்லை. காலையில் இறங்கியதும் கார் ஓட்டிக்கொண்டு போகிறார். இது சரியா?

பதில்: தங்கள் கேள்வியின் கடைசி வரிதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. கருவி இல்லாமல் உறங்கிய இரவின் மறுநாள் காலை அவர் கார் ஓட்டக் கூடாது. கண் செருகுவது அவருக்கே தெரியாமல் நடக்கும். தெரிய வரும்போது காலம் கடந்திருக்கலாம்.

படுக்கை வசதியுள்ள ரயிலில் பேட்டரியோடு கருவியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பெட்டியிலுள்ள மின்இணைப்பு கைபேசிக்காக அமைந்தது, அதை நம்ப வேண்டாம். கருவியைத் தலைக்குச் சற்றுத் தாழ்வாக, உருண்டு விழாத இடத்தில், காற்று உள்ளே போகும் துளை போர்வையால் மூடப்படாதபடி வைக்கச் சொல்லுங்கள். பேருந்தில் உண்மையாகவே முடியாது என்றால், அந்த ஓர் இரவுக்கு மட்டும் இருக்கையை ஓரளவு சாய்த்து, தலை உயர்ந்திருக்க, முடிந்தவரை பக்கவாட்டில் திரும்பி உறங்கலாம். மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும் என்பதால் இரண்டும் அறவே கூடாது. மாதம் நான்கைந்து முறை என்பது அவசரத்துக்குச் செய்யும் சமாளிப்பல்ல, சிகிச்சையில் விழும் நிரந்தர ஓட்டை. இரவுப் பேருந்தைத் தவிர்த்துப் பகலில் போக முடியுமா என்று அலுவலகத்தில் அவர் கேட்டே ஆக வேண்டும்.

கேள்வி: 3,000 மீட்டர் உயரமுள்ள மலைப்பகுதியில் நான்கு நாள் தங்கப் போகிறோம். சிபாப் அங்கே வேலை செய்யுமா?

பதில்: உயரத்துக்கேற்ப அழுத்தத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் கருவிகள் இப்போது பரவலாக உள்ளன, பழைய மாடல்களில் அதைக் கையால் மாற்ற வேண்டும். எத்தனை மீட்டர் வரை கருவி சரியாக இயங்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். அதைவிட முக்கியமானது வேறொன்று: அந்த உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால், தொண்டை அடைபடாமலேயே, மூச்சு விடும்படி மூளை கட்டளையிடுவது இடையிடையே நின்றுபோகும் இன்னொரு வகை மூச்சுத்தடை வரக்கூடும், அதற்குச் சிபாப் மட்டும் போதாமல் போகலாம். அசெட்டசோலமைடு என்ற மாத்திரை சிலருக்குத் தரப்படுகிறது, ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். எனவே இதய நோயோ நுரையீரல் நோயோ உடன் இருந்தால், அறை முன்பதிவு செய்வதற்கு முன்பே உங்கள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.