கடினமான கட்டி என்றால் புற்றுநோய்தானா?

கேள்வி: என் அப்புச்சிக்கு வயது 66. 40 ஆண்டுகள் கைத்தறி நெய்தவர். பீடிப் பழக்கமும் உண்டு. அவருடைய இடது காதுக்குக் கீழே இரண்டு ஆண்டுகளாக வலியில்லாத ஒரு கட்டி இருக்கிறது. பொன்னுக்கு வீங்கி என்று சொல்லி, அம்மிச்சி அவர் கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டுவிட்டார். அண்மையில் ஈரோட்டில் ஸ்கேன் எடுத்தபோது எலாஸ்டோகிராபியும் செய்து, கட்டி கடினமாக இருப்பதாக அறிக்கை கொடுத்தார்கள். அப்படியென்றால் அது புற்றுநோயா? ஊசி குத்தினால் பரவிவிடும், இந்த ஸ்கேனே போதும் என்று உறவினர்கள் சொல்வது சரியா?
(வாசகர், சென்னிமலை)

பதில்: கடினம் என்ற ஒரு சொல்லை வைத்துப் புற்றுநோய் என்று அஞ்ச வேண்டாம், அந்த ஸ்கேனோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். பொன்னுக்கு வீங்கி வைரஸால் வருவது. ஓரிரு வாரங்களில் வடிந்துவிடும். இரண்டு ஆண்டுகளாகத் தங்கியிருக்கும் கட்டி அதுவன்று.

மருத்துவர் விரலால் அமுக்கிப் பார்த்துக் கட்டியின் தன்மையை ஊகிப்பது பழைய வழக்கம். அதையே அல்ட்ராசவுண்ட் கருவியைக் கொண்டு செய்வதுதான் எலாஸ்டோகிராபி. இதில் ஒரு வகை, தோலின் மேல் மெல்ல அழுத்தி, எந்த இடம் எவ்வளவு அமுங்குகிறது என்பதை நிறங்களாகக் காட்டும். இன்னொரு வகை, திசுவுக்குள் ஓர் அதிர்வைக் கிளப்பி, அது பக்கவாட்டில் ஓடும் வேகத்தை அளக்கும். தறியில் இறுகக் கட்டிய பாவு நூலைச் சுண்டினால் அதிர்வு விரைந்து ஓடுவதும், தொய்ந்த நூலில் மெல்ல நகர்வதும் உங்கள் அப்புச்சிக்குத் தெரிந்ததே. கடினமான திசுவில் அலை வேகமாகச் செல்லும். அந்த வேகத்தைக் கிலோபாஸ்கல் என்னும் கடின அளவாகவும் மாற்றித் தருவார்கள்.

கல்லீரல் தழும்பை அளக்க இம்முறை நன்றாகப் பயன்படுகிறது. மார்பகக் கட்டிகளிலும் ஓரளவு வழிகாட்டுகிறது. காதடியில் உள்ள பரோட்டிட் போன்ற உமிழ்நீர்ச் சுரப்பியில்தான் சிக்கல். இங்கே மிகுதியாக வரும் கட்டி, புற்றல்லாத பிளியோமார்பிக் அடினோமா. அதற்குள் குருத்தெலும்பு போன்ற பொருள் இருக்கக்கூடும் என்பதால், தீங்கற்றதாக இருந்தும் அது கடினமாகவே அளவிடப்படுவதுண்டு. மாறாக, நீர்ப்பை கொண்ட சில புற்றுக்கட்டிகள் மென்மையாகவே தெரியும். ஆகவே, இந்த எண்ணுக்கு மேல் போனால் புற்று என்று உறுதியாகக் கோடு கிழிக்க முடியாது. கருவிக்குக் கருவி அளவு மாறும். ஸ்கேன் எடுப்பவர் சற்று அழுத்திப் பிடித்தாலே எண் ஏறிவிடும்.

பீடி பிடிப்பவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் வார்த்தின் கட்டியும் தீங்கற்றதே. அது பெரும்பாலும் மென்மையாக இருக்கும், சிலருக்கு இரண்டு காதடியிலும் வரும் என்பதால், வலப்பக்கத்தையும் ஒருமுறை பார்த்தார்களா என்று கேளுங்கள். காதடியில் உள்ள பரோட்டிட் சுரப்பியில் தோன்றும் கட்டிகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு புற்றல்லாதவை என்பது உங்களுக்குச் சற்று ஆறுதல் தரலாம். ஆனால் மீதியுள்ள 20 விழுக்காட்டில் அப்புச்சியின் கட்டி இல்லை என்பதை ஸ்கேனின் நிறம் சொல்லாது. ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

உறவினர்களின் அச்சம் எனக்குப் புதிதன்று. வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார். ஊசிப் பரிசோதனைக்குப் பயன்படுவது மெல்லிய ஊசி. அதன் வழியே புற்று பரவுவது மிக அரிது. இந்தச் சுரப்பியில் நாங்கள் தவிர்க்க நினைப்பது, கத்தியால் கீறிச் சிறு துண்டு எடுப்பதைத்தான். ஏனெனில் முகத்தை அசைக்கும் நரம்பு இச்சுரப்பியின் நடுவே செல்கிறது. ஊசியை அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே செலுத்தினால் சரியான இடத்திலிருந்து செல்களை எடுக்கலாம். எலாஸ்டோகிராபி படத்தையும் அப்போது உடன் வைத்திருங்கள். எந்தப் பகுதியில் குத்துவது என்று தேர்ந்தெடுக்க அது உதவக்கூடும்.

பெருந்துறையிலோ கோவையிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம். கட்டி திடீரென்று பெருத்தாலோ, வலித்தாலோ, கழுத்தில் நெறிகட்டினாலோ, கண்ணை முழுதாக மூட முடியாமல் வாய் ஒருபக்கம் கோணினாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். கட்டி தாடை எலும்புக்குப் பின்னால் ஆழமாக இறங்கியிருந்தால் அல்ட்ராசவுண்டுக்கு அது எட்டாது; எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். அந்த அறைக்குள் போகுமுன் அம்மிச்சி போட்ட சங்கிலியைக் கழற்றி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.