அரைக் கிண்ணத் தேநீர்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற செப்டம்பரில் பயண நிறுவனம் ஒன்றின் வழியாகப் பதினெட்டுப் பேர் உஸ்பெகிஸ்தான் சென்றுவந்தோம். ஐந்து நாட்களில் தாஷ்கண்ட், சமர்கண்ட், புகாரா மூன்றையும் பார்த்துவிட்டோம். முஸ்லிம் நாடு என்பதால் வீட்டில் சற்று அஞ்சினார்கள். சைவ உணவுக்கும் சிரமம்தான். ஆனால் என் கேள்வி வேறு. புகாராவில் வழிதவறி நின்ற என்னையும் மனைவியையும் ஒரு முதியவர் தம் வீட்டுக்கு அழைத்துப்போய் ரொட்டியும் உலர்திராட்சையும் வைத்தார். தேநீரை மட்டும் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகவே ஊற்றினார். மனமில்லாமல் கொடுக்கிறாரோ என்று சங்கடப்பட்டு ஐந்தே நிமிடத்தில் எழுந்துவிட்டோம். பேத்தியோடு அவரைப் படம் எடுத்துக்கொண்டு, பத்து டாலரை நீட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது, வாங்கவில்லை. குறைவு என்று நினைத்தாரா? இத்தகைய இடங்களில் எவ்வளவு கொடுப்பது முறை?

எம்., திருச்சி

(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

அன்புள்ள எம்.,

நல்ல மனிதர் நீங்கள் என்பது உங்கள் சங்கடத்திலேயே தெரிகிறது. ஆகவே சற்றுக் கடுமையாகச் சொன்னால் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

உங்களுக்கு ஊற்றப்பட்ட அரைக் கிண்ணம் அந்த நாட்டில் ஒரு விருந்தினருக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை. கெண்டியிலிருந்து பச்சைத் தேநீரைப் பியாலா என்ற கிண்ணத்தில் ஊற்றி, அதை மீண்டும் கெண்டியிலேயே கொட்டி, இப்படி மூன்று முறை செய்த பிறகுதான் விருந்தினருக்கு ஊற்றுவார்கள். அதையும் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். நீங்கள் ஆறிய தேநீரைக் குடிக்கக் கூடாது என்பதும், கிண்ணத்தை மறுபடி மறுபடி நீட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் ஊற்றித் தரும் வாய்ப்பு வீட்டுக்காரருக்குக் கிடைக்க வேண்டும் என்பதும் அதன் பொருள். விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தால்தான் ‘குடித்துவிட்டுக் கிளம்பலாம்’ என்று அர்த்தம். தம்ளர் ததும்ப ஊற்றினால்தான் நமக்கு உபசாரம். நம் அளவுகோலை அங்கே கொண்டுபோய் வைத்து, நெடுநேரம் இருங்கள் என்று சொன்ன மனிதரை ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

சைவ உணவைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. முலாம்பழமும் திராட்சையும் சந்தையில் குவிந்துகிடக்கும் செப்டம்பரில் போய்வந்துவிட்டு இப்படி எழுத உங்களுக்கு எப்படித்தான் மனம் வந்ததோ! முஸ்லிம் நாடு என்ற அச்சத்துக்கும் ஒரு வரி போதும்: அங்கே என் மதத்தை யாரும் கேட்கவில்லை, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்கள், வயதானவர்கள் ராஜ் கபூரைப் பற்றிக் கேட்டார்கள்.

பத்து டாலர் விஷயத்தைத்தான் என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை. ஏனென்றால் அதே குற்றத்தை நானும் செய்திருக்கிறேன், அதுவும் அதே ஊரில். லபி ஹவுஜ் குளத்துக்குப் பின்னால் இருக்கும் மண்சுவர்ச் சந்துகளில் ஒன்றில், பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டி என்னைத் தம் வீட்டுக்குள் அழைத்தார். தரையில் துணி விரித்து, பாதாமும் கற்கண்டும் வைத்து, தந்தூர் அடுப்பில் சுட்ட வட்ட ரொட்டியைக் கையாலேயே பிய்த்து என் முன் வைத்தார். நடுவில் பூ அச்சுக் குத்திய ரொட்டி அது. ஒரு துண்டைத் தின்றுவிட்டு மிச்சத்தை நான் கவனமில்லாமல் குப்புற வைத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சை நிறுத்தாமலேயே கையை நீட்டி, பூ மேலே தெரியும்படி அதைத் திருப்பி வைத்தார். ரொட்டியைக் குப்புற வைப்பது அங்கே அவமரியாதை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கிளம்பும்போது, நேரில் கொடுத்தால் வாங்கமாட்டார் என்று கணக்குப்போட்டு, கெண்டிக்கு அடியில் சில நோட்டுகளைச் செருகிவிட்டு வந்தேன். சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். நான் விடுதிக்கு வந்துசேர்ந்த சிறிது நேரத்தில் அவருடைய பேரன் மூச்சிரைக்க வந்து, அந்த நோட்டுகளை எண்ணி என் கையில் வைத்துவிட்டுப் போனான். நான் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்ததாக அவனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். என் மானத்தைக் காப்பாற்ற அவர் கண்டுபிடித்த பொய் அது.

உஸ்பெக் மொழியில் வீட்டின் விருந்தினர் அறைக்கு ‘மெஹ்மான்கானா’ என்று பெயர். வீட்டிலேயே நல்ல அறை அது. ஹோட்டலுக்கும் அதே சொல்தான். புகாராவின் பழைய வீடுகள் பல இன்று தங்கும் விடுதிகளாகிவிட்டன. அங்கே கட்டணம் உண்டு, பேரம்கூடப் பேசலாம், அதில் தவறில்லை. எந்தக் கதவு எது என்று அவர்களுக்குக் குழப்பம் இல்லை. குழப்பம் நமக்குத்தான், ஏனென்றால் ஒருவருக்குக் கடன்பட்ட நிலையில் ஓர் இரவுகூட நம்மால் தூங்க முடிவதில்லை. பணத்தை நீட்டினால் கணக்கு முடிந்துவிடும், திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்று நினைக்கிறோம். அந்த முதியவரோ கணக்கை முடிக்க விரும்பாமல்தான் அரைக் கிண்ணம் ஊற்றினார். அவர் முகம் மாறியது தொகையினால் அல்ல, எம்.

சோவியத் ஆட்சியில் புகாராவின் கலான் பள்ளிவாசலே கிடங்காகக் கிடந்திருக்கிறது. அந்தக் காலத்திலும் இந்த மெஹ்மான்கானாக்களை யாரும் மூடவில்லை. நான் வெட்டிவிட்ட பகுதியில் அந்தப் பள்ளிவாசலை ஒட்டி நிற்கும் மினாரின் உயரம் 46 மீட்டர் என்றும், அது 1127இல் கட்டப்பட்டது என்றும், சமர்கண்டின் ரெகிஸ்தான் சதுக்கத்தில் இருக்கும் மூன்று மதரசாக்கள் 1420, 1636, 1660இல் முடிந்தன என்றும் சரியாகவே எழுதியிருந்தீர்கள். மினாரை அண்ணாந்து பார்க்க அரைமணி நேரம் ஒதுக்கிய உங்களிடம் அந்த வீட்டுக்குக் கொடுக்க ஐந்து நிமிடம்தான் இருந்திருக்கிறது.

மறுநாள் காலை வெட்கத்தோடு அந்த மூதாட்டியின் வீட்டுக்குப் போனேன். பணத்தைப் பற்றிய பேச்சே எழவில்லை. மறுபடி அரைக் கிண்ணம்தான். விடைபெறும்போது புதிதாகச் சுட்ட ஒரு ரொட்டியை என் வாயருகே நீட்டி, கடிக்கச் சொன்னார். தூரம் போகிற பிள்ளைகளுக்குச் செய்வது அது. கடித்த மிச்சத்தை, போனவன் திரும்பி வந்து சாப்பிட வேண்டும் என்று சுவரில் மாட்டி வைப்பார்கள். என் பல் பதிந்த ரொட்டியை அவர் ஆணியில் மாட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் நான் ரயிலேறினேன். இன்றுவரை திரும்பிப் போகவில்லை.

எவ்வளவு கொடுப்பது முறை என்று கேட்டிருந்தீர்கள். அழைத்தால் தயங்குங்கள், மறுபடி அழைத்தால் போங்கள், குழந்தைகளுக்கு இனிப்பு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முதியவரின் படம் உங்கள் கைபேசியில்தானே இருக்கிறது? அச்சிட்டு, புகாராவுக்குப் போகும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். வீட்டின் அடையாளம் நினைவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.