நாலு மாதம் நடந்தும் ஒன்றரைக் கிலோதான் குறைந்தது, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 39. உயரம் 157 செ.மீ., எடை 72 கிலோ. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாலு மாதமாகத் தினமும் காலையில் 40 நிமிடம் நடக்கிறேன். இரவுச் சோற்றை நிறுத்திவிட்டு மூன்று சப்பாத்தி, குருமா சாப்பிடுகிறேன். காலையில் வெறும் வயிற்றில் கொள்ளுத் தண்ணீர். அப்புறம் நாலு இட்லி அல்லது மூன்று தோசை. ஒரு நாளைக்கு நாலு தடவை சர்க்கரை போட்ட காபி, டீ. சாயங்காலம் ஆபீஸில் கொஞ்சம் மிக்சர். ஒன்றரைக் கிலோ குறைந்ததோடு எடை நின்றுவிட்டது. தைராய்டு மாத்திரை எடுக்கிறேன், டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) இப்போது நார்மல். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி ரத்த சர்க்கரை) 5.9 என்று வந்திருக்கிறது. வீட்டில் நாலு பேர், சமையல் நான்தான், மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் ஆகிறது. முட்டை, மீன் சாப்பிடுவோம், புரட்டாசியில் மட்டும் இல்லை. மதியச் சோற்றையும் நிறுத்திவிடட்டுமா? ஜிம்மில் சேர வேண்டுமா? தைராய்டுதான் காரணமா?

பதில்: மதியச் சோற்றை நிறுத்த வேண்டாம். ஜிம் கட்டாயமில்லை. தைராய்டு பெரிய காரணமில்லை. மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் ஆகிறது என்று எழுதியதற்குத் தனியாக ஒரு நன்றி. அதைக் கேட்காமல் யாரும் சொல்வதில்லை, உங்களுக்கான பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது.

முதலில் தைராய்டை முடித்துவிடுவோம். தைராய்டு சுரப்பு குறைந்தால் எடை ஏறும் என்பது உண்மைதான். ஆனால் அதனால் ஏறுவது பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து கிலோ வரைதான், அதிலும் நிறைய உடம்பில் தங்கும் உப்பும் நீரும். மாத்திரையால் டி.எஸ்.எச். நார்மலுக்கு வந்த பிறகு, எடை குறையாததற்குத் தைராய்டைக் குற்றம் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் சரிபாருங்கள். காலையில் மாத்திரை போட்ட கையோடு கொள்ளுத் தண்ணீரோ காபியோ குடிக்கிறீர்களா? காபி அந்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். வெறும் தண்ணீரில் போட்டுவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேறு எதுவும் வேண்டாம்.

இனி எண்ணெய். நாலு பேருக்கு மாதம் ஐந்து லிட்டர் என்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு சுமார் 42 மில்லி, ஏறக்குறைய 38 கிராம். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. ஆக உங்கள் பங்குக்குத் தினமும் 340 கலோரி எண்ணெயிலிருந்து மட்டும் வருகிறது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், நல்லெண்ணெய், ரீஃபைண்ட் எதுவானாலும் கலோரிக் கணக்கு ஒன்றுதான். இதையே மாதம் மூன்று லிட்டருக்குக் கொண்டுவந்தால் 340 என்பது 205 ஆகும். ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 140 கலோரி மிச்சம்.

உங்கள் காலை நடையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 72 கிலோ எடையோடு சுமாரான வேகத்தில் 40 நிமிடம் நடந்தால், அந்த நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் செலவாகியிருப்பதைவிட ஏறக்குறைய 120 கலோரி கூடுதலாகச் செலவாகும். அவ்வளவுதான். திரும்பி வந்து ஒரு கை மிக்சர் சாப்பிட்டால் வரவும் செலவும் சரியாகிவிடும். நடையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எடையைக் குறைக்கிற வேலையில் பெரும்பங்கு தட்டில் நடக்கிறது. நடை தருகிற லாபம் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, ஐந்து லிட்டரை மூன்றாகக் குறைப்பது எப்படி? பாட்டிலிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றுகிற பழக்கம்தான் முதல் எதிரி. மாத ஆரம்பத்தில் மூன்று லிட்டரைத் தனியாக எடுத்து வையுங்கள். வாரத்துக்கு முக்கால் லிட்டரை ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி, அதில் ஸ்பூனால் எடுத்துச் சமையுங்கள். தோசைக்குச் சுற்றி ஊற்றாமல் கல்லில் தடவினால் போதும். பொரியலுக்குத் தாளிக்க நாலு பேருக்கு இரண்டு டீஸ்பூன் தாராளம். காயை முதலில் தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்துவிட்டால் எண்ணெய் கேட்காது. கத்தரிக்காயும் உருளைக்கிழங்கு வறுவலும் எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும், அவற்றை வாரம் ஒரு முறையோடு நிறுத்துங்கள். அப்பளத்தைச் சுட்டுக்கொள்ளலாம். மாமியார், பிள்ளைகள் யாராவது முதல் வாரம் முணுமுணுப்பார்கள். இரண்டாவது வாரம் மறந்துவிடும்.

சோற்றை விட்டுச் சப்பாத்திக்குப் போனதில் நீங்கள் லாபம் பார்க்கவில்லை. இந்தத் தவறு ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் நடக்கிறது. 200 மில்லி கப்பில் ஒரு கப் சோறு சுமார் 150 கிராம், 200 கலோரிக்குள். மூன்று சப்பாத்தி மாவில் மட்டும் 300 கலோரிக்கு மேல். சுடும்போது சப்பாத்திக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் இன்னும் 120. தேங்காய், முந்திரி அரைத்த குருமா ஒரு கிண்ணம் என்றால் 150, 200 கூட. ஒன்றரைக் கப் சோறு, ரசம், கீரைக் கூட்டு என்று சாப்பிட்டிருந்தால் இதைவிடக் குறைவாகவே ஆகியிருக்கும். சப்பாத்திதான் பிடிக்கும் என்றால் எண்ணெய் இல்லாமல் சுட்டு இரண்டு, தொட்டுக்கொள்ளப் பருப்போ பச்சைப்பயறு மசியலோ, பக்கத்தில் ஒரு பெரிய கிண்ணம் காய். குருமா ஞாயிற்றுக்கிழமைக்கு.

சிறுதானியத்துக்கும் இதே கதைதான். அரிசி, ராகி, தினை, சாமை எல்லாம் சமைக்காத நிலையில் 100 கிராமுக்கு 320 முதல் 360 கலோரிக்குள்தான் நிற்கின்றன. நார்ச்சத்து கூட இருப்பதால் ராகியும் தினையும் நல்லவையே. ஆனால் “சிறுதானியம்தானே” என்று இரண்டு மடங்கு சாப்பிட்டால் எடையும் அதற்கேற்ப நடந்துகொள்ளும்.

கொள்ளு விஷயத்தில் எனக்கு ஒரு மனவருத்தம் உண்டு. “கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்று நம் ஊரில் சொன்னவர்கள் கொள்ளைச் சாப்பிடச் சொன்னார்கள். நாம் அதை ஊறவைத்தோ கொதிக்கவைத்தோ தண்ணீரைக் குடித்துவிட்டு, புரதமும் நாரும் இருக்கிற பருப்பை ஓரம் கட்டுகிறோம். கொள்ளுத் தண்ணீர் கொழுப்பைக் கரைக்காது. சீரகத் தண்ணீரும், தேனும் எலுமிச்சையும் கலந்த வெந்நீரும் அப்படித்தான். உங்கள் கொங்கு நாட்டுக் கொள்ளுப் பருப்பு கடைசலைக் கேட்டால் நான் இரண்டு கை தூக்கி ஓட்டுப் போடுவேன். 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. கடைசலாகவோ சுண்டலாகவோ வாரம் மூன்று நாள் செய்யுங்கள்.

ஏனென்றால் உங்கள் சாப்பாட்டில் பெரிய ஓட்டை புரதம்தான். காலை இட்லி, மதியம் சோறு சாம்பார், இரவு சப்பாத்தி என்றால் ஒரு நாள் முழுக்கவும் மாவுச்சத்து. சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பீர்கள். நம் வீட்டு சாம்பார் ஒரு கரண்டியில் விழுகிற பருப்பு இரண்டு, மூன்று கிராம் புரதத்தைத் தாண்டாது. புரதம் குறைந்தால் இரண்டு மணி நேரத்தில் பசிக்கும். எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரையும். உங்கள் அளவுக்கு ஒரு நாளைக்கு 60 கிராம் அருகில் வர வேண்டும்.

நாலு இட்லியை இரண்டாக்கி இரண்டு அவித்த முட்டை சேருங்கள். கலோரி ஏறக்குறைய அதேதான், முட்டையிலிருந்து மட்டும் 12 கிராம் புரதம் வருகிறது, பதினோரு மணிப் பசி அடங்குகிறது. மதியம் ஒரு கப் சோறு, அதைவிடப் பெரிய குவியலாகப் பொரியலும் கீரையும், மீனோ கெட்டியான பருப்புக் கூட்டோ, ஒரு கிண்ணம் தயிர். முதலில் காயைச் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். சோறு தானாகவே குறையும், ரத்த சர்க்கரையும் நிதானமாக ஏறும். சாயங்காலம் மிக்சருக்குப் பதில் வீட்டிலிருந்து கொண்டுபோன கொண்டைக்கடலைச் சுண்டலோ பொட்டுக்கடலையோ. மிக்சர், முறுக்கு வகையறா 100 கிராமில் 500 கலோரிக்கு மேல் இருக்கும், “கொஞ்சம்” என்று யாரும் நிறுத்தி நான் பார்த்ததில்லை. புரட்டாசியில் முட்டைக்குப் பதில் பச்சைப்பயறு, பனீர், சோயா.

காபி, டீ நாலு தடவை என்றால், தடவைக்கு இரண்டு டீஸ்பூன் வீதம் 40 கிராம் சர்க்கரை. பாலையும் சேர்த்தால் கப்புக்கு 100 கலோரி, நாளைக்கு 400. நாலில் இரண்டை நிறுத்தி, மிச்ச இரண்டில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றுவதில் பயன் இல்லை. உடம்புக்கு அவையும் சர்க்கரைதான்.

எண்ணெய், இரவுச் சாப்பாடு, டீ மூன்றையும் கூட்டினால், சப்பாத்தி எண்ணெய் இரண்டு இடத்திலும் வருவதைக் கழித்துவிட்டு, நாளொன்றுக்கு 400 முதல் 500 கலோரி குறைகிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. கணக்குப்படி மாதம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்க வேண்டும். நடைமுறையில் போகப்போக வேகம் குறையும், எடை குறைந்த உடம்பு செலவழிப்பதும் குறைவு. ஆறு மாதத்தில் நாலிலிருந்து ஐந்து கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் எட்டு கிலோ குறைக்கும் திட்டங்களில் தசை போகும், முடி கொட்டும், பித்தப்பைக் கல் வரவும் வாய்ப்பு உண்டு. பழைய எடை திரும்ப வருவதும் சகஜம்.

இப்போது உடற்பயிற்சி. வாரத்துக்கு 280 நிமிடம் நடக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் கேட்பது 150 முதல் 300 நிமிடம்தான். அளவைக் கூட்ட வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் வேகத்தைக் கூட்டுங்கள்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். முடிந்தால் காலை நடையில் பத்து நிமிடத்தை வெட்டி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், மொட்டை மாடியானாலும் சரி. சாப்பிட்டதும் நடந்தால் சர்க்கரை ஏறுவது குறைகிறது. எச்பிஏ1சி 5.9 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம் (5.7 முதல் 6.4 வரை), ஆகவே உங்களுக்கு இது முக்கியம்.

எடை நகரவில்லையே என்று நடையை விட்டுவிடாதீர்கள் என்பதற்கு ஒரு சான்று சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேரை சுமார் இரண்டரை ஆண்டு கண்காணித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் சீராக்கியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. அவர்களுக்குக் குறிப்பிடும்படி எடை குறையவே இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. உங்கள் நாலு மாத நடை வீணாகப் போகவில்லை.

நீங்கள் செய்யாமல் விட்டது தசைக்கான பயிற்சி. எடை குறையும்போது கவனிக்காவிட்டால் குறைவதில் கால் பங்கு வரை தசையாக இருக்கலாம். வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம் போதும், சாப்பாட்டு மேசை நாற்காலி இருந்தால் சரி. கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை. சுவரில் கை வைத்துத் தண்டால் பத்து முறை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மேலே தூக்குவது பன்னிரண்டு முறை. துணிப்பையில் இரண்டு கிலோ அரிசி போட்டு, ஒரு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, பையை இடுப்பு வரை இழுத்து இறக்குவது, கைக்குப் பத்து. இதெல்லாம் இரண்டு சுற்று. சுலபமாகத் தெரிய ஆரம்பித்ததும் நாற்காலிக்குப் பதில் தாழ்வான முக்காலி, பையில் இன்னொரு கிலோ. கால் மூட்டு வலித்தால் அன்றைக்கு உட்கார்ந்து எழுவதை மட்டும் விட்டுவிடுங்கள். ஜிம்மில் பணம் கட்டினால்தான் எனக்கு ஒழுங்கு வரும் என்று தோன்றினால் தாராளமாகச் சேருங்கள், அங்கே விற்கிற டப்பாக்களை மட்டும் வாங்காதீர்கள்.

டப்பா என்றதும் நினைவுக்கு வருகிறது: குடம்புளிச் சாறு அடைத்த எடைக்குறைப்பு மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. மீன் குழம்பில் போடும் குடம்புளியால் ஒன்றும் இல்லை, சாறாக இறுக்கி மாத்திரையாக விழுங்குவதில்தான் ஆபத்து.

எடையை வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, காலைக்கடன் முடித்த பிறகு பாருங்கள். மாதவிடாயை ஒட்டியும், ஊறுகாய், கருவாடு சாப்பிட்ட மறுநாளும் ஒரு கிலோ கூடும், அது தண்ணீர். மாதம் ஒரு முறை இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. தசைப் பயிற்சி தொடங்கிய முதல் மாதம் எடை அசையாமல் இடுப்பு மட்டும் இரண்டு செ.மீ. குறைவது சகஜம். எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் எண்ணெயும் டீயும், அடுத்து இரவுச் சாப்பாடும் முட்டையும், அப்புறம் அரிசிப் பை.

எச்பிஏ1சி-யை மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் பழைய நாட்களின் கணக்கும் கலந்துதான் வரும். அதே ரத்தத்தில் டி.எஸ்.எச்.சையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். அன்றைக்குக் காலை தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.