மொத்தத் தொகையைப் பார்த்து விமானம் ஏறாதீர்கள், தம்பி

சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்கு பெர்மிட் வந்திருக்கிறது, நன்றாக உழைத்தால் சம்பளம் ஏறுமா, எந்த சிம் வாங்குவது, சாப்பாடு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். சிம் விஷயமெல்லாம் அறையில் இருப்பவர்கள் வந்த அன்றே சொல்லிவிடுவார்கள். உழைப்பைப் பற்றிக் கேட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஏஜெண்ட் சொல்லும் தொகை ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலைக்கான சம்பளமும் சேர்த்த கணக்கு. மனிதவள அமைச்சின் ஐ.பி.ஏ. கடிதத்தை, அதாவது பெர்மிட்டுக்கான முதற்கட்ட ஒப்புதல் கடிதத்தைக் கையில் வாங்கி, அடிப்படைச் சம்பளத்தையும் பிடித்தங்களையும் படித்த பிறகு கிளம்புங்கள். ஓ.டி.க்கு ஒரு மணி நேரச் சம்பளம், அடிப்படைச் சம்பளத்தின் மணிக்கணக்கில் ஒன்றரை மடங்கு. அடிப்படை குறைந்தால் ராத்திரி பகலாக உழைத்தாலும் கைக்கு வருவது குறைவுதான்.

நான் 1997இல் வந்தவன். நாலரைக்கு எழுந்து, லாரியின் பின்புறம் உட்கார்ந்தபடியே தூங்கி வேலைக்குப் போவோம். மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் விடியுமுன்பே வந்துவிடும். பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால் சாம்பார் நுரைத்திருக்கும். அரை வயிற்றோடு வெயிலில் நின்றால் மூன்று மணிக்குமேல் கை நடுங்கும். ஒருநாள் 200 மி.மீ. இடைவெளியில் கட்ட வேண்டிய கம்பியை 250 விட்டுக் கட்டிவிட்டேன். ஒரு வரிசை முழுவதும் பிரிக்க வேண்டியதாயிற்று. சூப்பர்வைசர் நம் ஊர்க்காரர்தான். எல்லார் முன்னாலும் "சோம்பேறி" என்றார். வாரக்கணக்கில் ஐந்து மணி நேரம்கூடத் தூங்காதவனை! இன்றும் ஆறவில்லை. மேலே வந்ததும் நம்மவர் நம்மவரையே விரட்டுவதை இங்கே நிறையப் பார்த்துவிட்டேன்.

அடுத்த சைட்டில் வயதான சீன ஃபோர்மேன். தார்ப்பாய் கட்டி நிழல் போட்டு, ஐஸ் தண்ணீர் வைத்து, மணிக்கொரு தரம் உட்காரச் சொல்வார். வெப்பம் 32 டிகிரியை எட்டினால் கடின வேலைக்கு மணிக்குப் பத்து நிமிட ஓய்வு என்ற விதி 2023இல்தான் வந்தது, அதுவும் காற்றின் ஈரம், வெயில், காற்றோட்டம் எல்லாம் சேர்த்துப் பார்க்கும் ஈரக்குமிழ்க் கோள வெப்பக் கணக்கில். அவர் அப்போதே செய்தார். அதே ஆட்கள், அதே கம்பி. ஆறு நாள் வேலை ஐந்தாம் நாளே முடிந்தது, பிரித்துக் கட்டவும் நேரவில்லை.

அவரோடு பேசுவதற்காகவே ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியைக் கற்றேன். மாலையில் வகுப்புக்குப் போய் நானும் சூப்பர்வைசர் ஆனேன். என் பெயர் அவர் வாயில் நுழையாது. முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்திவிடுவார். ஆனாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், ஒருநாளும் பெர்மிட் எண்ணைச் சொல்லியோ "ஏய்" என்றோ கூப்பிட்டதில்லை.

அந்த ஐ.பி.ஏ. கடிதம் கைக்கு வந்ததும் அடிப்படை எவ்வளவு என்று எழுதுங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.