ஸ்மார்ட் சிட்டி வேலைக்கு எந்தப் படிப்பு?

கணினி அறிவியல் படிக்கும் உங்கள் மகளுக்கு ஸ்மார்ட் சிட்டி துறையில் நாட்டம். அதற்கென உள்ள சான்றிதழ் படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாட்டம் நல்லதுதான். சான்றிதழைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

நான் பார்த்த குறுகிய காலப் படிப்புகள் சென்சாரைப் பொருத்தி, அதன் அளவைக் கைப்பேசியில் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. நகரத்தின் திண்டாட்டம் அங்கே இல்லை. போக்குவரத்துக் கேமரா ஒன்று விநாடிக்கு 4 மெகாபிட் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 500 கேமராக்களுக்கு 2 ஜிகாபிட். அத்தனையையும் தொலைதூரத் தரவு மையத்துக்கு அனுப்பாமல், சாலையோரப் பெட்டியிலுள்ள சிறு கணினியே வண்டிகளை எண்ணி, எண்ணிக்கையை மட்டும் அனுப்பிவிடலாம். இதுதான் எட்ஜ் கம்ப்யூட்டிங். ஆனால் அந்தப் பெட்டியின் நினைவகம் நினைத்தபோது நீளாது. பெருமழையில் நீர்மட்டச் சென்சார்கள் ஒரே நேரத்தில் கூவும்போது கேமராவும் அதே பெட்டியைத்தான் நம்பியிருக்கும். யாருக்கு முதலிடம்? மணிக்கொருமுறை கணக்குச் சொல்லும் தண்ணீர் மீட்டரைக் காத்திருக்கச் சொல்லலாம். வெள்ள எச்சரிக்கையை அப்படிக் காத்திருக்கச் சொல்ல முடியாது. இந்தப் பங்கீட்டை முன்கூட்டியே வகுத்து வைப்பதற்குத்தான் ஆள் தேடுகிறார்கள்.

அதற்கு வேண்டியவை பழைய பாடங்களே: ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், வரிசைக் கோட்பாடு (காத்திருக்கும் வரிசைகளைக் கணக்கிடும் கணிதம்). தேர்வுக்கு முதல்நாள் மட்டும் புரட்டப்படும் பாடங்கள் இவை. எனக்கு அதில் தீராத வருத்தம். லினக்ஸ் என்னும் ஆபரேட்டிங் சிஸ்டம் கட்டாயம். பல கணினிகளில் நிரல்களைப் பகிர்ந்து ஓடவிடும் மென்பொருளான, 2014இல் வெளியான குபெர்னெட்டிஸைப் பிறகு கற்கலாம். சென்சார்கள் செய்தி அனுப்பப் பயன்படும் எம்.க்யூ.டி.டி. நெறிமுறையை இப்போதே தொடங்கலாம்: எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க 1999இல் உருவானது, மெலிந்த இணைப்பிலும் தாக்குப்பிடிக்கும்.

சான்றிதழுக்குப் பதில் ஒரு சோதனை. பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவி, எம்.க்யூ.டி.டி. சர்வரையும் செய்திகளை அலசும் நிரலையும் ஓடவிட்டு, ஆயிரம் போலிச் சென்சார்களை எழுதட்டும். சர்வருக்கும் நிரலுக்கும் தரும் நினைவகத்தை 64 மெகாபைட்டுக்குள் அடக்கிவிட்டுச் சுமையை ஏற்றிக்கொண்டே போகட்டும். எங்கே தாமதம் தொடங்கியது, எந்தச் செய்தி தொலைந்தது, முன்னுரிமை கொடுத்தபின் என்ன மாறியது என்று இரண்டு பக்கம் எழுதினால், நேர்முகத் தேர்வில் அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசலாம்.

நகரத் திட்டங்கள் நின்றுபோனால் என்ன செய்வது என்பது உங்கள் இன்னொரு கவலை. தொழிற்சாலை, துறைமுகம், மருத்துவமனை, தொலைத்தொடர்பு என எல்லா இடத்திலும் இதே பெட்டிகள், இதே நெருக்கடி.